கிளாக்கர் வீட்டுக் கடிதங்கள்

பதுளை நகருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த குணமணி டீச்சரின் வீட்டுச் சுவரில், நவம்பர் மழைக்குப் பிறகு ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் பென்சில் கோடு போலத்தான் தெரிந்தது. பத்து நாளில் அதற்குள் சுண்டுவிரலை விடலாம் என்றாயிற்று. மண்சரிவைப் பார்க்கிற அதிகாரிகள் வந்தார்கள். வீட்டைச் சுற்றி நடந்து அளந்துவிட்டு, அடுத்த பெருமழைக்கு முன் வீட்டைக் காலி செய்யும்படி சொல்லிப் போனார்கள்.

புகையிரத நிலையத்துப் பக்கம் மாடியில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. கட்டில், அலுமாரி, அடுப்பு எல்லாம் எப்படியோ அடங்கிவிடும். அடங்காதது கடதாசிதான்.

குணமணி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. கணவர் புவனேந்திரன் இறந்த வருடம், வீட்டில் தனியே இருக்க முடியாமல் தன் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கியவர். ஆறு வருடத்தில் அது ஏழு பெட்டியாகப் பெருகியிருந்தது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரங்களின் பிரதிகள், பாடசாலை இடாப்புகளின் பிரதிகள், மரண அறிவித்தல்கள், கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் உறவினர் அனுப்பிய மின்னஞ்சல்கள். எதையும் திரையில் பார்த்தால் அவருக்குப் பார்த்தது போல இராது, அச்செடுத்தே ஆகவேண்டும். வம்ச வரைபடம் மட்டும் பதினொரு தாளை ஒட்டிச் செய்தது. வெளிநாட்டில் எந்த மருமகளுக்குக் குழந்தை பிறந்தாலும் பதினொரு தாளும் புதிதாக அச்சேறும்.

அந்த அச்சு வேலை எல்லாம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த முஷ்ரிபாவின் கொமியூனிகேஷன் கடையில்தான் நடக்கும். முஷ்ரிபாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் வெளிநாட்டில் இருக்க, கடையைத் தனியாக நடத்துகிறவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

வீடு மாறப்போகிற செய்தியோடு குணமணி கடைக்கு வந்து, "பிள்ளை, எல்லாத்திலையும் ஒவ்வொரு கொப்பி கூட எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டால் என்ன?" என்று கேட்டபோது முஷ்ரிபா சிரித்துவிட்டாள்.

"டீச்சர், ஏழு பெட்டியக் கொறைக்கிறதுக்கு நீங்க பதினாலு பெட்டியாக்கப் போறீங்க."

"வேறை என்ன செய்யிறது?"

"ஒங்கட வீட்டுக்கு நான் வாறேன். போன்ல படமெடுப்போம். தேதி போட்டு ஒழுங்கா வைப்போம். கொப்பிக்குக் கொப்பி எடுத்ததெல்லாம் வெளிய போகட்டும். அசல் மட்டும் ஒங்களுக்கிட்ட ஈக்கட்டும். எனக்கு யாவாரம் கொறையும்தான். அதுக்காக செல்லாம ஈக்க ஏலுமா?"

சொன்னபடியே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு அவள் மேட்டில் ஏறி வந்தாள். ஜன்னல் ஓரமாக மேசையை இழுத்துப் போட்டு, இரண்டு புத்தக அடுக்குக்கு மேலே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து, அதன்மேல் கைப்பேசியைப் படுக்க வைத்தாள். தாளைக் கீழே நகர்த்துவது குணமணியின் வேலை. படமெடுப்பது அவள் வேலை. ஒரே உறுதியின் பிரதி நான்கு இடத்தில் கிடந்தது. ஒரே மின்னஞ்சலை மூன்று தரம் அச்செடுத்திருந்தார். பழைய வரைபடங்கள் மட்டும் ஒரு பெட்டி. ஒருபக்கம் வெறுமையாக இருந்த தாள்களைக் கட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கணக்குச் செய்து பழகட்டும் என்று ஒதுக்கினார்கள். மாலைக்குள் ஐந்து பெட்டி காலியானது. குணமணி முதலில் காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். பிறகு, வீட்டில் இவ்வளவு தரை இருந்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஞ்சியவை தகரப் பெட்டிகள் இரண்டு. உள்ளே அப்பாவின் கடிதங்கள்.

குணமணியின் அப்பா இளையதம்பி, மடுல்சீமைக்கு மேலே வெள்ளக்கல் தோட்டத்தில் இருபத்தோரு வருடம் பெரிய கிளாக்கராக, தலைமை எழுத்தராக, இருந்தவர். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். அம்மா ஒன்றையும் எறியவில்லை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு, ஆசிரிய நியமனம் பெற்றுப் பதுளைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குணமணியிடம் பெட்டிகள் வந்து சேர்ந்தன. குடும்ப வரலாற்றின் உயிரே அந்தக் கடிதங்கள்தான் என்று அவர் எல்லாரிடமும் சொல்வார்.

நாலைந்து கடிதங்களைப் படமெடுத்தபின் முஷ்ரிபா ஒரு தாளைத் திருப்பினாள்.

"இதுல பின்பக்கமும் எழுத்து ஈக்குது டீச்சர்."

"அது வேண்டாம். தோட்டத்துப் பழைய படிவம். பிழையாப் போனதுகளை அப்பா எறிய மாட்டார். வெறும் பக்கத்திலை எங்களுக்குக் கடிதம் எழுதுவார். நீர் முன்பக்கத்தை மட்டும் எடும்."

முஷ்ரிபா எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்து, ஆங்கில எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறந்த தேதி. ஆண் பிள்ளை. பெயர் வைக்கவில்லை. தகப்பன், தாய், அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையின் நம்பர்.

அடுத்த கடிதத்தைத் திருப்பினாள். அதிலும் ஒரு பிறப்பு. அடுத்ததில் மருந்துப் பட்டியல். அதற்கடுத்ததில் மறுபடி ஒரு பிறப்பு, பெண் பிள்ளை.

"டீச்சர், எனக்கிட்ட வாரத்துக்கு ரெண்டு பேராவது வாராங்க. தோட்டத்து ஆக்கள். பொறப்புப் பதிவு தேடிப் பாத்தாச்சு, இல்லண்டு கடிதம் குடுத்திட்டாங்க, இப்ப என்ன செய்யண்டு கேட்டு அழுவாங்க. ஒரு துண்டுக் கடதாசி காட்ட அவங்களுக்கிட்ட இல்ல." அவள் தாளை மெதுவாக மேசையில் வைத்தாள். "நீங்க வேணாம்ண்டு செல்றது அவங்கட பொறப்பை."

குணமணி தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அந்தக் கடிதங்களை எத்தனை தரம் வாசித்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்திருக்கிறார், முன்பக்கத்துக்கு மட்டும். பின்பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது ஒருநாளும் தோன்றவில்லை. தாளை மறுபடி கண்ணாடிக்குக் கீழே நகர்த்தி, "இரண்டு பக்கத்தையும் எடுப்பம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் எடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு கடிதத்தில் நாற்பத்தாறின் முதுகில் பிறப்பு இருந்தது. கைதவறி மை கொட்டியது, தேதி மாறியது, எழுத்துப் பிழையானது என்று ஏதோ ஒரு காரணத்துக்காகத் தள்ளிய படிவங்கள். திருத்தி எழுதிய நல்ல படிவங்கள் எங்கே போயினவோ தெரியாது. தோட்டம் கைமாறிக் கைமாறி, பழைய காரியாலயக் கூரை ஒழுகிப் பதிவேடுகள் எல்லாம் கரைந்துவிட்டன என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் தொலைபேசியில் சொன்னார். "நீங்க வாங்கம்மா. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கோயிலுக்கு வரச் சொல்றேன்" என்றார்.

பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் குணமணிக்கு வந்தது, உடனே போயும் விட்டது. முஷ்ரிபாவின் டெப்லட்டில் எல்லாம் இருந்தது. ஞாயிறு விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். பசறையில் இறங்கி மடுல்சீமை பஸ் பிடித்து, அதற்கு மேல் ஓட்டோவில் போனார்கள். கடைசி ஒரு மைலில் ஓட்டோவும் ஏறவில்லை. மழை அரித்த பாதையில் முஷ்ரிபா கைகொடுக்க, குணமணி நடந்தார். அசல் கடிதங்கள் தோள்பையில் இருந்தன. அவற்றையும் ஏன் எடுத்துவந்தார் என்று அப்போது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

மாரியம்மன் கோயில் முற்றத்தில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். தலைவர் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார். குணமணி, தான் யார் என்று சொன்னார். முன்வரிசையில் ஒரு கிழவர், "இளையதம்பி கிளாக்கரையா மகளுங்களா! ஐயா ரொம்பக் கண்டிப்புங்க" என்றார். கூட்டம் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு வாசிக்கிற அதே குரலில், டீச்சர் வாசிக்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு பேருக்கும் ஒரு சலசலப்பு எழுந்தது. "அது எங்க மாமியாங்க!" "அவரு மன்னார் பக்கம் போயிட்டாருங்க, மக இருக்கா, போன் நம்பர் தாரேன்." ஒரு அம்மாவுக்குத் தன் அடையாள அட்டையில் இருப்பதைவிட இரண்டு வயது குறைவு என்று தெரியவந்தது. "அப்ப ரெண்டு வருசம் கூடக் கொழுந்து பறிக்கலாம்" என்று பக்கத்தில் இருந்தவள் சொல்ல, அந்த அம்மாவே விழுந்து விழுந்து சிரித்தாள். முஷ்ரிபா படத்தைத் தேடி எடுத்து, உரியவரின் கைப்பேசிக்கு அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தாள். அத்தாட்சிப்படுத்த எங்கே போகவேண்டும், யாரைக் கேட்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

இருபத்தெட்டாவது படிவத்துக்கு வந்தபோது குணமணியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு, ஆவணி மாதம் பதினாலு. ஆண் பிள்ளை. ஆறாம் நம்பர் லயம். தகப்பன் காத்தான்..."

"அது எங்கப்பாங்க."

பின்னால், அரச மரத்தடியில் நின்ற ஒருவர் முன்னால் வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், பெயர் சன்னாசி என்று தலைவர் சொன்னார்.

"மேல வாசிங்கம்மா" என்றார் சன்னாசி. "அம்மா பேரு இருக்குங்களா?"

"உங்களுக்கு அம்மாவின்ரை பெயர் தெரியாதா?"

"தெரியாதுங்க. நான் பொறந்து மூணாம் நாளு போயிட்டாங்க. பூனாகலைத் தோட்டத்துலருந்து கல்யாணம் முடிச்சு இங்க வந்து ஒரு வருசங்கூட இல்ல. லயத்துல எல்லாரும் 'பூனாகலைப் பொண்ணு'ன்னுதான் கூப்புட்டிருக்காங்க. என்னைய வளத்த அம்மாவுக்கும் அதான் தெரியும். அப்பா எனக்கு ரெண்டு வயசுல எங்கயோ போயிட்டாரு." அவர் வேட்டி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "அமாவாசைக்குத் திதி குடுக்கிறப்ப ஐயரு பேரு கேப்பாரு. அம்மான்னு சொல்லுவேன். அதையே சொல்லி முடிச்சிருவாரு."

குணமணி டெப்லட்டை முஷ்ரிபாவிடம் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "சிட்டம்மா. வயது பத்தொன்பது."

"சிட்டம்மா" என்றார் சன்னாசி. மறுபடி, "சிட்டம்மா."

அந்தப் படிவம் ஏன் கழிந்துபோனது என்றும் தாளிலேயே தெரிந்தது. தாயின் பெயருக்குப் பக்கத்தில், எழுதக் கூடாத இடத்தில், 'பதினேழாம் தேதி இறந்துவிட்டாள்' என்று அப்பா சிவப்பு மையில் எழுதியிருந்தார். அது பிழை என்று கண்டு வேறு படிவம் எழுதியிருப்பார். இந்தத் தாளைக் கடிதத்துக்கு வைத்துக்கொண்டார்.

குணமணி தோள்பையைத் திறந்து, அந்த ஒரு கடிதத்தைத் தேடி எடுத்தார். எடுத்தபின் கை தயங்கியது. முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். தான் ஏழு மாதக் குழந்தையாய் இருந்தபோது அப்பா எழுதிய கடிதம் அது. சன்னாசி தாளை இரண்டு கையாலும் வாங்கினார். தாயின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலை அதன்மேல் வைக்காமல் அருகில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு திருப்பினார்.

"இந்தப் பக்கம் என்னங்க எழுதியிருக்கு?"

"அப்பா எங்கடை அம்மாவுக்கு எழுதினது. எனக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டு, பயந்துபோய் எழுதியிருக்கிறார். மருந்து குடுத்ததோ, காய்ச்சல் விட்டதோ, உடனை பதில் போடு எண்டு."

சன்னாசி நிமிர்ந்து பார்த்தார். "அப்புறம் நல்லாயிட்டீங்களா?"

அறுபத்து மூன்று வருடத்துக்கு முந்திய காய்ச்சலை அவர் உண்மையாகவே விசாரித்தார். "ஓம், நல்லாயிட்டன்" என்றார் குணமணி. கோயில் படியில் உட்கார்ந்து அழுதார். பெண்கள் இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பெயர்களை முஷ்ரிபாதான் வாசித்து முடித்தாள்.

சன்னாசி கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "உங்கப்பா எழுத்துங்க. நீங்க வச்சிருங்க. எனக்குப் படம் போதும்."

"எனக்கும் படம் போதும்" என்றார் குணமணி. "அம்மாவின்ரை பெயரிலை உங்களிட்டை வேறை ஒண்டும் இல்லை. அப்பா எழுதினது என்னட்டை நூறு இருக்குது."

அன்று மத்தியானம் தலைவர் வீட்டில் சாப்பாடு. முஷ்ரிபாவுக்காக இறைச்சி சேர்க்காமல் பருப்பும் கீரையும் மாசிச் சம்பலும் வைத்திருந்தார்கள். புறப்படும்போது ஆளுக்கொரு பை நிறையப் பேரிக்காயும் கொய்யாவும் தேயிலைத்தூளும் கொடுத்தார்கள். "வெறுங்கடதாசியக் கொறைக்கப் போய் இப்ப பாரத்த பாருங்க" என்று பஸ்ஸில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு முஷ்ரிபா முணுமுணுத்தாள். இறங்கும்வரை அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

அடுத்த வாரம் குணமணி வீடு மாறினார். ஏழு பெட்டி போகவேண்டிய இடத்துக்கு ஒரு சூட்கேஸ் போனது. வம்ச வரைபடம் இப்போது கணினியில் இருக்கிறது. பெல்ஜியத்தில் ஓர் உறவினருக்குப் பேத்தி பிறந்தபோது பெயரைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது, ஒரு தாள்கூடச் செலவாகவில்லை. பின்பக்கத்தில் பெயர் உள்ள கடிதங்களை, உரியவர் அல்லது உரியவரின் பிள்ளைகள் கேட்டு வந்தால் அவர்களிடமே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார். மெல்பேர்னிலிருந்து மகன் சதீசன், "அம்மா, அம்மப்பாவின்ரை அசல் கடிதங்களை எப்பிடி மனம் வந்து குடுக்கிறியள்?" என்று கேட்டான். "மனம் வந்துதான் குடுக்கிறன்" என்றார். அவருக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, குணமணி முஷ்ரிபாவின் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சன்னாசியின் அழைப்பு வந்தது. பூனாகலையிலிருந்து பேசினார். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, அங்கே லயம் லயமாக நடந்திருக்கிறார். அறுபத்தோராம் வருடம் மடுல்சீமைக்கு வாக்கப்பட்டுப் போன சிட்டம்மா என்று ஒருத்தி இருந்தாளா என்று வயதான ஆட்களை எல்லாம் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு வீட்டில், எழுபத்தைந்து வயது அம்மா ஒருவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்க அக்கா" என்றிருக்கிறார்.

"சின்னம்மாங்க! என் சொந்தச் சின்னம்மா!" சன்னாசியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அக்காவோட புள்ளயும் செத்துப் போச்சுன்னுதான் இவங்களுக்கு அப்ப சேதி வந்துச்சாம். இத்தன வருசமா நான் இல்லன்னே நெனச்சிருக்காங்க. எனக்குத் தம்பி தங்கச்சின்னு ஏழு பேரு இருக்காங்கம்மா. ஏழு பேரு! இருங்க, சின்னம்மா பேசணுமாம்."

பிறகு ஒரு மெல்லிய, நடுங்குகிற குரல். "அம்மா, நல்லா இருக்கணும் நீங்க. எங்கக்கா பேர இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்தீங்களே."

அந்த நன்றியை அப்படியே வாங்கிக்கொள்ள குணமணிக்கு மனம் கூசியது. "நான் வைச்சிருக்கேல்லை அம்மா" என்றார். "உண்மையைச் சொல்லவேணும். அது எங்கடை வீட்டிலை இருந்ததே எனக்குத் தெரியாது. வேண்டாம் எண்டு சொன்னவள் நான். இந்தப் பிள்ளை முஷ்ரிபாதான் திருப்பிப் பாத்தவ."

"யாரு வச்சிருந்தா என்னங்க" என்றது அந்தக் குரல். "இருந்துச்சில்ல. அந்தப் புள்ளகிட்டயும் போனக் குடுங்க, ஒரு வார்த்த சொல்லணும்."

குணமணி கைப்பேசியை நீட்டினார். முஷ்ரிபா கோப்பை கழுவிய ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் தாயிடம் பேசுவது போல, "சொல்லுங்க உம்மா" என்றாள்.